சுவர் என்ன பாத்திரம்?
நாட்டார் கதையில் கேட்பவரின் இடம்: அறக்கட்டளைச் சொற்பொழிவு

இந்த அறக்கட்டளைக்குப் பெயர் தந்த பெரியவர் கதை கேட்பதில் ஆசை உள்ளவர் என்று குடும்பத்தார் சற்றுமுன் சொன்னார்கள். கதை சொல்பவருக்குத்தான் நம் நாட்டில் மாலை விழும். கேட்டவருக்கு அறக்கட்டளை அமைந்திருப்பது நல்ல விஷயம். என் பேச்சும் கேட்பவரைப் பற்றியதுதான்.

முன்வரிசையில் சிலர் புன்னகைக்கிறார்கள். என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் இருபது ஆண்டுகளாக இழுபடும் சண்டை இது. நாட்டார் கதையை ஆராய வரும் மாணவர் கதைப்பின்னல், பாத்திரங்கள், கருப்பொருள் என்று மூன்று இயல்கள் பிரிக்கிறார். முதல் இயலில் ருஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப்பின் 31 செயல்களுக்கு அட்டவணை. இரண்டாவதில் அவருடைய ஏழு பங்குகள்: எதிரி, கொடையாளர், துணைவர், தேடப்படும் அரசகுமாரியும் அவள் தந்தையும், அனுப்புபவர், தலைவன், போலித் தலைவன். மூன்றாவதில் ‘இக்கதை உணர்த்தும் நீதி’ என்று ஒரு பத்தி. கட்டங்கள் காலியாகக் கிடந்தால் ‘இது சிதைந்த வடிவம்’ என்று எழுதிவிடுகிறார். நெறியாளரும் கையெழுத்துப் போடுகிறார். சட்டை சேரவில்லை என்று பிள்ளையின் கையை யாரும் வெட்டுவதில்லை. நம் துறையில் வெட்டுகிறோம்.

1. பிராப் சொன்னதும் நாம் கேட்டதும்

பிராப் மேல் எனக்குக் குறை இல்லை. 1928இல் வந்த அவருடைய நூல் மாயக்கதைகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. அஃபனாசியெவ் தொகுத்த ருஷ்யக் கதைகளில் நூறு. நூலின் தலைப்பிலேயே ‘மாயக்கதை’ என்று அவர் வைத்திருந்தார். பதிப்பாசிரியர் ‘மாய’ என்ற அடைமொழியை எடுத்துவிட்டார். பின்னாளில், தன் நூலை விமர்சித்த மானிடவியலாளர் லெவிஸ்ட்ராஸுக்கு எழுதிய மறுமொழியில் பிராப்பே இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். தலைப்பில் ஒரு சொல் போனதால், உலகத்துக் கதைகள் எல்லாம் அந்த 31க்குள் அடங்கும் என்று ஆகிவிட்டது. 1958இல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் நூல் நம்மிடம் சேர்ந்தது. அந்தத் தலைப்போடுதான் சேர்ந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். ஒரு கதையில் அரசன் கழுகைத் தருகிறான். இன்னொன்றில் கிழவன் குதிரையைத் தருகிறான். மற்றொன்றில் அரசகுமாரி மோதிரத்தைத் தருகிறாள். ஆள் மாறினாலும் செயல் ஒன்று. யார் என்று கேட்காதே, என்ன செய்கிறார் என்று கேள் என்பது அவருடைய விதி. இந்த விதியை வைத்துக்கொண்டுதான் அடுத்த கதைக்குள் போகிறேன்.

2. கிழவியும் நான்கு சுவர்களும்

ஏ.கே. ராமானுஜன் 22 இந்திய மொழிகளிலிருந்து வாய்மொழிக் கதைகளைத் தொகுத்து 1991இல் வெளியிட்ட நூலில் முதல் கதை தமிழ்க் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு விதவைக் கிழவி. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் ஓயாமல் ஏசுகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்வதால் கிழவி நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகிறாள். அதற்கும் கேலி: தின்பதைக் குறை என்கிறார்கள். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம், கால் போன போக்கில் ஊருக்கு வெளியே போகிறாள். அங்கே கூரை இல்லாத பாழ் வீடு. உள்ளே போய், மூத்த மகன் செய்ததை எல்லாம் எதிர்ச்சுவரிடம் சொல்கிறாள். சுவர் பாரம் தாங்காமல் விழுகிறது. அவள் உடம்பு கொஞ்சம் குறைகிறது. அடுத்த சுவரிடம் அவன் மனைவியைப் பற்றி. பிறகு இளையவன், பிறகு அவன் மனைவி. நான்கு சுவரும் விழுகின்றன. ஏறிய எடை எல்லாம் இறங்க, இடிபாட்டின் நடுவே நிற்கிறாள். வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். கதை முடிந்தது.

இந்தக் கதையைத்தான் என் நண்பர் ஒருவர் ‘முற்றுப்பெறாத வடிவம்’ என்று எழுதினார். எதிரிகள் தண்டிக்கப்படவில்லை, போர் இல்லை, பரிசு இல்லை, மணம் இல்லை. வெளியேறுதலும் திரும்பலும் மட்டும் உண்டு, நடுவே ஏதோ உதிர்ந்துவிட்டது என்பது அவர் கட்சி.

உதிர்ந்ததா என்று பார்ப்போம். நான்கு பேர், நான்கு சுவர். மூத்தவன், அவன் மனைவி, இளையவன், அவன் மனைவி: ரேஷன் அட்டையில் பெயர் வரும் வரிசை. ஒரு சுவர் மிஞ்சினாலும் கதை நொண்டும், ஒரு சுவர் குறைந்தாலும் நொண்டும். இனி, கூரை. பாழ் வீட்டுக்குக் கூரை இல்லை என்பது முன்கூட்டியே சொல்லப்படுகிறது. கூரை இருந்திருந்தால் இரண்டாவது சுவரிலேயே கிழவி மண்ணுக்குள் போயிருப்பாள். விழப்போகும் சுவர்களை நினைத்துக் கூரையை முதலிலேயே இறக்கிவைத்த கதைசொல்லியையா பாதிக் கதையை மறந்தவர் என்கிறோம்?

அடுத்து, பருமன். ‘மனபாரம்’ என்கிறோம். மனசு கனக்கிறது, பாரத்தை இறக்கி வை என்கிறோம். தினமும் வாயில் புழங்கித் தேய்ந்த இந்தச் சொற்களைக் கதை அப்படியே உடம்பில் ஏற்றிவிடுகிறது. பாரம் என்றால் பாரம். சுவர் தாங்காத பாரம். மருமகள்களுக்குத் தெரிவது கொழுப்பு, நமக்குத் தெரிவது துக்கம். கிழவியின் உடம்பைத் தப்பாகப் படிக்கும் வாசகர்கள் கதைக்குள்ளேயே நால்வர் இருக்கிறார்கள். ஆய்வாளர் ஐந்தாமவராகச் சேர வேண்டியதில்லை.

ஆலன் டண்டிஸ் 1964இல் வட அமெரிக்கப் பழங்குடிக் கதைகளை ஆராய்ந்தபோது, கதை ஒரு சமனின்மையிலிருந்து தொடங்குகிறது என்றார். அது குறையாகவும் இருக்கலாம், மிகையாகவும் இருக்கலாம். நம் அட்டவணைக்காரர்கள் ‘குறை’யை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிழவிக்கு இருப்பது மிகை. தேடிப்போய் எடுத்துவர அவளுக்கு எதுவும் இல்லை. கொண்டுபோய் இறக்கத்தான் வேண்டியிருந்தது. இறக்கினாள், திரும்பினாள். பின்னல் முழுசு.

இப்போது என் கேள்வி: சுவர் என்ன பாத்திரம்? பாத்திரமே இல்லை, இடம்தான் என்பார்கள். யார் என்று கேட்காதே என்றது பிராப்பின் விதி. செயலைப் பார்த்தால், வீட்டில் நால்வரும் செய்யாத ஒன்றைச் சுவர் செய்கிறது. துணைவரா? கிழவிக்காக அது எதையும் போய்ச் சாதிக்கவில்லை. கொடையாளரா? சோதிக்கவில்லை, எதையும் தரவில்லை. கேட்கிறது. கேட்டதன் கனத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு விழுகிறது. ‘கேட்பவர்’ என்று ஒரு பங்கு இருக்கிறது. ஏழில் அதற்கு இடமில்லை. இருபது ஆண்டுச் சண்டையில் நான் சொல்லிவருவது இவ்வளவுதான்.

இது எனக்குப் புத்தகத்தில் உறைக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், களையெடுத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்த ஒரு பாட்டியிடம் கதை பதிந்துகொண்டிருந்தேன். என் குரல் நாடாவைக் கெடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். இராசகுமாரன் காட்டுக்குள் நுழைந்ததும் பாட்டி நிறுத்திவிட்டார். “என்ன தம்பி, ஊமையா? நான் என்ன செவுத்துக்கா சொல்லுதேன்?” பேத்தியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “நீ ‘ம்’ கொட்டுட்டீ.” அதற்கப்புறம்தான் இராசகுமாரன் காட்டைத் தாண்டினான். சிறுமி ஒருமுறை கண் அசந்தபோது அவனும் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டான். பாட்டி அவள் தொடையில் தட்டி எழுப்பிய பிறகே நடந்தான். சொன்னது வேறு கதைதான். ஆனால் ‘ம்’ இல்லாமல் கதை ஓர் எட்டும் நகராது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

3. கருப்பொருள்

‘முதியோரை மதிக்க வேண்டும்’ என்று இந்தக் கதைக்கு நீதி எழுதிய ஆய்வேடு ஒன்றை நான் தேர்வாளராக இருந்து படித்திருக்கிறேன். கதையில் யாரும் முதியவரை மதிக்கவில்லை, கடைசிவரை. கருப்பொருள் என்பது பின்னல் செய்துமுடிக்கும் வேலை. இங்கே அந்த வேலை, பாரம் ஒரு காதுக்குப் போய்ச் சேர்வது. ராமானுஜன் எடுத்துக்காட்டும் கன்னடக் கதை ஒன்றில், ஒரு பெண் தனக்குத் தெரிந்த கதையையும் பாட்டையும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். அவை தூங்குபவள் வாய்வழியே வெளியேறி, ஆண் ஒருவனின் செருப்பாகவும் மேலங்கியாகவும் கண்ணில் பட்டு, புருஷனுக்குச் சந்தேகத்தை மூட்டுகின்றன. இரவில் ஊர் விளக்குகளின் சுடர்கள் அனுமார் கோயிலில் கூடிப் பேசும்போது, அங்கே படுத்திருக்கும் புருஷன் காதில் உண்மை விழுகிறது. அங்கும் சொல்லப்படாத பாரம், அங்கும் எதிர்பாராத காது. விரித்துப் பேச நேரமில்லை.

4. இனிச் செய்ய வேண்டியவை

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், குறிப்புகளாகச் சொல்லிவிடுகிறேன். கதை அடைவுகளில் சொன்னவரின் வயதும் ஊரும் வருகின்றன. கேட்டவர் யார் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். இதே கிழவி கதையை மாமியார் சொல்வதற்கும் மருமகள் சொல்வதற்கும் வேறுபாடு உண்டா என்று பதிந்து பார்க்க வேண்டும். ஒப்பாரியில் பிணமே கேட்பவராக இருப்பது தனி ஆய்வுக்குரியது. வாட்சப் குரல்பதிவுகளில் ‘ம்’ என்ன ஆகிறது என்று இளையவர்கள் பார்க்கலாம்.

கடைசியாக, என் கணக்கு. நாடாக்களை எழுத்தாக்கியபோது அந்தச் சிறுமியின் ‘ம்’களை இரைச்சல் என்று நீக்கியவன் நான்தான். அச்சில் வந்த கதை அவள் இல்லாமலே நடக்கிறது. நாடாக்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. மறுபடி எழுத்தாக்க யாராவது முன்வந்தால் தருகிறேன். சிலவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.