கரண்ட் போன நாள்



கூட்டமைப்புக் கணக்கை நான் எழுதுவது என் தங்கச்சிக்குப் பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப்பில். 2011-ல் அரசு தொடங்கின திட்டம். நம்மில் சிலர் வீட்டுப் பரணிலும் ஒண்ணு தூங்கும்.

போன மழைக்காலம் கடன் வசூலை ஏத்திக்கிட்டிருந்தேன். பேட்டரி செத்த லேப்டாப், ஒயரில்தான் ஓடும். கரண்ட் போச்சு. திரும்ப வந்தப்போ ஃபைல் திறக்கவே இல்லை. மூணு மாசக் கணக்கு! சாமை வித்து 2,000 ரூபாய் கட்டின அக்கா, "நான் கட்டலைன்னு ஆயிடுமா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. கையால் எழுதின பேரேடுதான் காப்பாத்துச்சு. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி ஏத்தினேன்.

இப்போ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல், எஸ் ரெண்டையும் சேர்த்து அழுத்திடுவேன். வெள்ளிக்கிழமை பென்டிரைவில் ஒரு நகல். அது ஆபீசில் இருக்காது, தலைவி அக்கா பீரோவில் இருக்கும். ரெண்டும் ஒரே இடத்தில் நனைஞ்சா என்ன பிரயோஜனம்?

இடி இடிச்சா சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்கைப் பிடுங்குங்க. மூடியைச் சாத்தினா அது தூங்கும், அணையாது. ஷட் டவுன் கொடுங்க. காத்து போற ஓட்டையில் தூசி அடைஞ்சா சூடாகும். அணைச்சிட்டு, காய்ஞ்ச பிரஷால் தட்டுங்க, ஈரத்துணி வேண்டாம். மெத்தை மேல வெச்சு ஓட்டாதீங்க. பேட்டரி உப்பியிருந்தா சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கும்.

பேரேட்டை இன்னும் நான் விடலை. பிரஷ் என் பையில் இருக்கு. லேப்டாப் கொண்டு வந்தவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க.