மலைக்கு அந்தப் பக்கம் எழுதிய தமிழ்



விடியும் முன்னே ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நம் ராசிங்காபுரம் பக்கத்தில் எத்தனையோ பேர். கேரளம் நமக்குப் பிழைப்புத் தந்த மண். அந்த மண்ணில், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஓர் ஆங்கிலப் பேராசிரியரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மார் இவானியோஸ் கல்லூரியில் அவர் டி.கே. துரைசாமி. தமிழ் வாசகர்களுக்கு நகுலன். 1921இல் கும்பகோணத்தில் பிறந்தார், 2007இல் மறைந்தார்.

வகுப்பில் ஆங்கிலம். வாசல் தாண்டினால் மலையாளம். ஆனால் அவர் உயிரைக் கொடுத்து எழுதியது தமிழில். எந்தப் பதவி உயர்வுக்கு அது உதவும்? எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதினார்.

ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃபை ஆழ்ந்து படித்தவர். மனம் ஓடுகிற ஓட்டத்தையே கதையாக்கும் வித்தை அங்கே பிடிபட்டிருக்கும். ஆனால் 1972இல் வந்த 'நினைவுப்பாதை' நாவலைத் திறந்தால் அதில் லண்டன் வாடையே இல்லை. நகுலன் என்றொருவர், நவீனன் என்றொருவர்; யாரை யார் எழுதுகிறார் என்று சொல்ல முடியாது. சுசீலா வருகிறாள், ஆளா, நினைவா? 'நான்' என்கிறோமே, அந்த நான் யார்? சித்தர்களும் தாயுமானவரும் மல்லாடிய கேள்வி. அதைத் தனிமையில் வாழ்ந்த ஒரு வாத்தியாரின் அன்றாடத்துக்குள் கொண்டுவந்து கேட்டார். தத்துவம் என்றால் எனக்கு இதுதான்.

நகுலனின் கவிதைகளுக்கு இடம் கொடுத்த 'எழுத்து' பத்திரிகையை 1959இல் தொடங்கியவர் சி.சு. செல்லப்பா. அவர் பிறந்தது எங்கே? இதோ, நம் சின்னமனூரில்! விற்பதற்காகப் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய மனிதர். இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

நகுலனின் 'நிழல்கள்' நாவல் வெளிவந்த 1965இல்தான் அதே திருவனந்தபுரத்தில் திரைப்பட இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'நினைவுப்பாதை' வந்த 1972இல் அடூரின் முதல் படம் 'சுயம்வரம்' வந்தது; தேசிய விருதும் பெற்றது. ஒன்றால் ஒன்று விளைந்தது என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊரில் நாலு பேர் கூடி நல்ல படம் பார்க்கத் தொடங்கினார்கள். ஏழே ஆண்டில் மலையாள சினிமா திசை மாறியது. அது நடந்த கதை.

நாலு பேர் கூடினால் என்ன நடக்கும் என்பது நமக்கும் தெரியும்: ஏல விவசாயிகள் சங்கம் போடியில் கல்லூரியே கண்டது. காடு மேட்டில் உழைத்தவர்கள் படிப்பின் அருமை அறிந்து செய்த காரியம். ஆங்கில இலக்கியம் படிக்கிற நம் பிள்ளைகளைக் கேட்கிறேன்: நீங்கள் படிக்கிற உல்ஃபையும் காஃப்காவையும் தேர்வோடு விட்டுவிடாதீர்கள். எங்களுக்குத் தமிழில் வந்து சொல்லுங்கள். நாளெல்லாம் சரிவில் நின்று காய் எடுத்துவிட்டு வருகிற அக்காவுக்கும் 'நான் யார்' என்ற கேள்வி உண்டு. அவரும் வந்து உட்காரட்டும்.

மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். முதல் கூட்டத்துக்கு 'நினைவுப்பாதை'. பொழுது சாய்ந்ததும் 'சுயம்வரம்'. படம் காட்டும் செலவு என்னுடையது. புத்தகத்தைப் பற்றிப் பேச ஒருவர் வேண்டும். இப்போதே கை தூக்குங்கள், பெயரை எழுதிக்கொள்கிறேன்.