நிறைந்ததென்று காட்டிய முள்



திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து எண்ணூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், பழைய கார் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டது. பின்னால் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிய கனரக லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. காரில் இருந்தவர்கள், முன்பு என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரும் முதுமையால் தளர்ந்த அவருடைய தாயாரும் ஆவர். இன்ஜினில் பழுது ஒன்றுமில்லை; பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் முகப்பிலிருந்த அளவுகாட்டியின் முள்ளோ, தொட்டி நிறைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது! வழிப்போக்கர் நால்வர் காரைத் தள்ளி ஓரம் சேர்த்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்குமோ! அந்த முள்ளைத் திருத்திய கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் கார் நம் வட்டாரத்திற்கு உறவுடையது. 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் தோன்றி, பின்னர் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோக்கத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த உறுப்புகளை நம் தொழிலாளர் ஒன்றுசேர்த்தனர். 1955-இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. லாரிகளும் பஸ்களும் அதன் பொருளாயின. என் மாணவருடைய தந்தையார் எண்ணூர்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். தமக்கு முன்னிருந்த தொழிலாளர் கைகளால் உருவான வண்டி என்ற பற்றினால், பழைய ஏ40 ஒன்றை வாங்கிப் பேணி வந்தார். அவர் மறைந்தபின் வண்டி மகனிடம் வந்தது. அளவுகாட்டி பழுதானது யாருடைய குற்றமுமன்று. எழுபது ஆண்டு முதுமையும் கடற்கரை உப்புக்காற்றும் செய்த வேலை அது.

புதிய அளவுகாட்டி ஒன்றை வாங்கிப் பொருத்த என் மாணவர் புறப்பட்டார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடைகடையாக ஏறி இறங்கினார்; புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் குவியல்களைப் புரட்டினார். கிடைக்கவில்லை. கிடைக்காததில் வியப்பில்லை. இதே திருவொற்றியூரில் உருவாகிய புல்லட் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். இங்கிலாந்தில் அதன் தாய்த்தொழில் நின்றுபோன பின்னும் இங்கே அது தொடர்ந்து செய்யப்பட்டது. ஆகையால் உதிரிபாகங்களும் கிடைத்து வந்தன. ஏ40 காருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அது பிறந்த லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் பெருமளவு கார் உற்பத்தியும் 2005-இல் நின்றுவிட்டது.

இறுதியில் ஒரு கடையில், வேறொரு பிற்காலக் காருக்குரிய அளவுகாட்டி கிடைத்தது. வட்டமும் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. பொருத்தினார். முன்பு எந்நேரமும் நிறைவைக் காட்டிய இடத்தில், இப்போது எந்நேரமும் வெறுமை! தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றியும் முள் அசையவில்லை.

“ஐயா, இனி என்னால் ஆகாது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன்” என்று என்னிடம் வந்து வருந்தினார்.

“தம்பி, இரண்டு கருவிகளும் உன்னிடம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. நீதான் கேட்கவில்லை” என்றேன்.

அஃது எவ்வாறு? சற்றுக் கவனியுங்கள். பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது, அதன் கையிலுள்ள முனை ஒரு மின்தடைக் கம்பிச் சுருளின்மேல் நகர்கிறது. பழைய வகை அளவுகாட்டிக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்று முள்ளை வெறுமையின் பக்கமும், மற்றொன்று நிறைவின் பக்கமும் இழுக்கும். தொட்டியில் பெட்ரோல் குறைந்தால் அங்குள்ள தடையும் குறையும். மின்னோட்டம் நிறைவுச் சுருளை விட்டு அந்த எளிய வழியே சென்றுவிடும். முள் வெறுமையைக் காட்டும். பெட்ரோல் உயர்ந்தால் தடை கூடும். மின்னோட்டம் நிறைவுச் சுருளின் வழியே பாயும். முள் நிறைவின் பக்கம் சாயும். இணைப்புக் கம்பி அறுந்துவிட்டால்? அறுந்த கம்பியின் தடைக்கு எல்லையில்லை. ஆதலால் முள் என்றென்றும் நிறைவையே காட்டும்.

1960-களில் பரவிய மற்றொரு வகை வேறு விதமானது. அதில் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்று, மின்னோட்டத்தால் சூடேறி வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. மின்னோட்டம் மிகுந்தால் நிறைவு. அது நின்றால் வெறுமை. ஆகவே, கம்பி அறுந்த காரில் பழைய வகை நிறைவைக் காட்டும். புதிய வகை வெறுமையைக் காட்டும். நோய் ஒன்றே, மொழி இரண்டு. கம்பி அறுபடாமல் இருந்திருந்தாலோ, பெட்ரோல் ஏற ஏற முள் இறங்கும் வேடிக்கையைக் கண்டிருப்போம்! அளவுகாட்டியும் மிதவை அமைப்பும் ஒன்றுக்கொன்று இணையாகப் பிறந்தவை. உருவம் ஒத்தது என்பதற்காக இணையை மாற்ற இயலாது.

பழைய அளவுகாட்டியையே மீண்டும் பொருத்தி, சிறு சோதனை ஒன்றைச் செய்தோம். தொட்டியிலிருந்து வரும் கம்பியை முகப்புப் பக்கத்தில் கழற்றிவிட்டு, அவ்விடத்தை வேறொரு கம்பியால் காரின் இரும்புச் சட்டத்தோடு தொடுத்தோம். முள் உடனே வெறுமைக்கு இறங்கியது. எடுத்ததும் நிறைவுக்கு ஏறியது. அளவுகாட்டி நலமே! இச்சோதனையைத் தொட்டியின் அருகே ஒருபோதும் செய்யலாகாது. சிறு பொறியும் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும்.

பின்னர் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் தொட்டியை வடித்து மிதவை அமைப்பைக் கழற்றித் தந்தார். மயிரிழை போன்ற மின்தடைக் கம்பி, இணைப்பு முனையருகே அரித்து அறுந்திருந்தது. அறுந்த இடத்தின் இருபுறமும் தடையை அளந்து கூட்டினோம். உருப்பெருக்கும் கண்ணாடியால் சுற்றுகளை எண்ணினோம். கம்பியின் நீளத்திற்கேற்பத் தடை கூடும், பருமன் மிகுந்தால் தடை குறையும் என்று நீங்கள் பள்ளியில் படிக்கும் விதியே எங்களுக்குத் துணை நின்றது. காசிமேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் முதியவர் ஒருவர், அதே பருமனுள்ள கம்பியை அதே பட்டையின்மேல், அதே எண்ணிக்கையில் சுற்றிக் கொடுத்தார். ஊரெங்கும் தேடிக் கிடைக்காத உதிரிபாகம், சில முழக் கம்பியாக எங்கள் கைக்கு வந்தது!

யாவற்றையும் பொருத்தியபின், வெறுந்தொட்டியில் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, முள் நின்ற இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டோம். அந்தத் தாள் இன்றும் அக்காரில் இருக்கிறது. அதே சாலையில் அவருடைய தாயார் இப்போது அச்சமின்றிப் பயணம் செய்கிறார்.

மாணவர்களே, பழுது கண்டவுடன் பொருளை மாற்றத் துடிப்பது எளிது. எது பழுது என்று அறிந்தபின் தேடுவதே அறிவுடைமை. இன்னும் ஒன்று: தொட்டியோடு தொடர்பு அறுந்த முள்தான் எப்போதும் நிறைவைக் காட்டிற்று. உண்மையோடு தொடர்பு அறுந்த மனமும் அவ்வாறே தன்னை நிறைகுடம் என்று எண்ணிக்கொள்ளும். அவ்வப்போது சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.