வௌவாலுக்கு வாதாடிய ஆராய்ச்சி



கட்டடம் கட்டுகிற இன்ஜினீயர் வௌவாலைப் பத்தி என்ன பேசப் போறான்னு நினைக்கிறீங்க, இல்லையா? கணக்கு இல்லாமல் கட்டடம் நிற்காது. ஆராய்ச்சி இல்லாமல் சட்டமும் நிற்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்து, கொன்றாலும் குற்றமில்லாத பட்டியலில் வைத்தது. ஆனால் இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சுமப்பதும், விதையைத் தூரத்தில் கொண்டு போடுவதும் இவைதாம்.

நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மாரிமுத்துவும் ஆய்வாளர் சிங்காரவேலனும், மிக அரிய சலீம் அலி பழந்தின்னி வௌவால் பகலில் தங்கும் குகையைக் கண்டறிந்து 2003-ல் வெளியிட்டார்கள். 2009-ல் ‘ஓரிக்ஸ்’ ஆய்விதழில், வௌவாலை அந்தப் பட்டியலில் வைத்தது சரிதானா என்று கேட்டார்கள். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பட்டியலே நீங்கியது. ஒரு கட்டுரையால் மட்டும் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனா, வாதாட ஆதாரம் கையில் இருந்தது.

தம்பி தங்கைகளே, உங்க ஊர் ஆலமரத்தில் தொங்குகிற வௌவால்களை மாதாமாதம் எண்ணி நோட்டில் எழுதுங்கள். பஸ் செலவும் பைனாகுலரும் எங்கள் பொறுப்பு. நாளைக்கு மரத்தை வெட்ட வருகிறவரிடம் நீட்ட அந்த நோட்டு வேணும்.