மர்மக் கதையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் சிலம்பும் குறளும் பேசுவது மரபு. இவ்வாண்டு நமக்கு இடப்பட்ட பணி வேறு. புதிதாக வெளிவரும் மர்ம நாவல்களையும், உள்ளத்தில் எழும் அச்சத்தைப் பொருளாகக் கொண்ட கதைகளையும் நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்க எனச் செயற்குழுவினர் பணித்துள்ளனர். முன்வரிசையில் வீற்றிருக்கும் புலவர் பெருமக்கள் சிலர் இப்பொழுதே முகம் சுளிப்பதைக் காண்கிறோம். சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்; அவர்களுடைய சிலம்பையும் குறளையும் கொண்டே தொடங்குகிறோம்.

ஒற்றரின் இலக்கணம் கூற வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். ஒற்றாடல் என்பது அதன் பெயர். மதுரையில் அரசியின் சிலம்பு களவு போன வழக்கில், பொற்கொல்லன் சொல்லை ஆராய்ந்து பார்க்கும் துப்பறிவாளர் ஒருவர் அரண்மனையில் இருந்திருப்பின், கோவலன் உயிர் பிழைத்திருப்பான். ஒரு நகரும் தீயினின்று தப்பியிருக்கும். குற்றமும் அதன் ஆராய்ச்சியும் தமிழுக்குப் புதியன அல்ல என்பதற்கு இவ்விரண்டே போதும்.

உரைநடையில் துப்பறியும் கதை மேனாட்டிலிருந்து வந்தது என்பதை மறுப்பார் இல்லை. அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ 1841-இல் தொடங்கி வைத்தார்; ஷெர்லக் ஹோம்ஸ் 1887-இல் தோன்றினார். தமிழர் நெடுங்காலம் காத்திருக்கவில்லை. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்து வெளியிட்டார். அவருக்குப்பின் ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனைத் தந்த ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என மூவர் எழுந்தனர். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950-இல் திரைப்படமாகி, நம்பியாருக்குப் பல வேடம் புனையும் வாய்ப்பைத் தந்தது. தழுவல் மிகுதி, நடை நீட்சி என்று இன்று குறை கூறலாம். ஆயினும் வீட்டுக்குள் இருந்த பெண்டிரைப் புத்தகம் வாங்கிப் படிக்கச் செய்தோரில் இவர்களுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. பின்னர் வந்த தேவன், அசடு எனப் பெயரெடுத்த ஒரு வங்கிக் குமாஸ்தாவைத் துப்பறிவாளனாக்கி நாட்டையே நகைக்கச் செய்தார். தேநீரை ஓயாமல் அருந்தும் சங்கர்லாலைத் தமிழ்வாணன் தந்தார். இவ்விருவரையும் அறியாத தாத்தா இம்மன்றத்தில் எவரும் இரார்.

இனி நம் ஊருக்கு வருவோம். அண்டை வீடாகிய கன்னடத்தில் என். நரசிம்மய்யா நூற்றுக்கணக்கான துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தார். அவருடைய பத்தேதார் புருஷோத்தமனைப் பற்றி உங்கள் பக்கத்து வீட்டு முதியவரிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்வார். தமிழுக்கோ ஜாலஹள்ளியே ஒரு கொடை தந்தது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பகலெல்லாம் பொறியியல் பணி செய்த ரங்கராஜன் என்பவர், சுஜாதா என்னும் பெயரில் கணேஷ், வசந்த் என்ற இரு வழக்கறிஞரைக் கொண்டு தமிழ்நாட்டைத் தூங்கவொட்டாமல் செய்தார். கணேஷ் தோன்றிய ‘நைலான் கயிறு’ 1968-இல் குமுதத்தில் வெளிவந்தது. அவர் பெங்களூருக்கு வந்தது அதன் பின்னர். வாக்குப் பதிவு இயந்திரத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டவரும் இவரே. 2008-இல் மறைந்த அப்பெரியார் நம் போன்ற ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பு ஊரில் வாழ்ந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

அவருடைய ‘கொலையுதிர் கால’த்தில் ஒரு பழைய மாளிகை, ஓர் இளம்பெண், இரவில் தோன்றும் ஓர் உருவம். விஞ்ஞானமே விடை தரும் என்கிறான் கணேஷ். பேய்தான் என்கிறான் வசந்த். எவன் வென்றான் என்பதை நாம் சொல்லமாட்டோம். மர்மக் கதையின் முடிவை மேடையில் வெளியிடுவோர்க்கு எந்தப் பிராயச்சித்தமும் இல்லை.

இவ்விடத்தில் அச்சம் என்பதைச் சற்று ஆராய வேண்டும். அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களங்கள் நான்கு என்றார்: வருத்தும் அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தண்டிக்கும் அரசன். நான்கும் மனிதனுக்கு வெளியே நிற்பவை. இக்கால எழுத்தாளர் ஐந்தாவது களம் ஒன்றைச் சேர்த்துள்ளனர். அது மனிதனின் சொந்த உள்ளம். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943-இல் இதனைச் செய்துவிட்டது. வேலைக்காரியாகச் சேர்த்துக்கொண்ட ஒரு பிச்சைக்காரி, நள்ளிரவில் எங்கிருந்தோ வரும் நாற்றம், உறக்கம் கெட்ட ஓர் எழுத்தாளர், இவ்வளவே கதை. நடந்தது உண்மையா, கண்டவரின் மயக்கமா என்பதை ஆசிரியர் தீர்த்து வைக்கவில்லை. படித்து முடித்தவர் விளக்கை அணைக்கத் தயங்குவதற்குக் காரணம் அதுதான். சுஜாதாவின் ‘ஆ’ நாவலில், கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞன் ஒருவன் தன் தலைக்குள் குரல் கேட்கிறான். ஒவ்வோர் அத்தியாயமும் ‘ஆ’ என்றே முடிகிறது. அண்மையில், 2024-இல், நம்மை விட்டுப் பிரிந்த இந்திரா சௌந்தர்ராஜன், கிராமத்துக் கருப்பசாமியையும் பிளவுபட்ட மனத்தையும் ஒரே கதையில் பின்னினார். ‘விடாது கருப்பு’ என்று தொலைக்காட்சியில் அதைக் கண்டு நடுங்கியோர் இங்கும் பலர்.

இவ்வகைக் கதைகளைப் பரிந்துரைக்கும் நாமே ஒரு கண்டனத்தையும் கூறியாக வேண்டும். மன நோயுற்றவன் என்றாலே கத்தி ஏந்தியவன் என்று எழுதும் வழக்கம் மலிந்துள்ளது. உண்மை நேர்மாறு. மன நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்துவதில்லை. பிறரால் துன்புறுத்தப்படுவோரே மிகுதி. 1954-இல் நிறுவப்பெற்ற மன நல நிறுவனமும் பழைய அரசு மன நல மருத்துவமனையும் 1974-இல் இணைந்து உருவான நிமான்ஸ் இவ்வூரின் ஓசூர்ச் சாலையில் நிற்கிறது. அதன் வாசலில் தம் உறவினரை அழைத்துக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள் இம்மன்றத்திலும் இருக்கக்கூடும். அவர்கள் உள்ளம் புண்படும் கதை எவ்வளவு விறுவிறுப்பாயினும் நம் அலமாரிக்கு வேண்டா. முதற்பக்கத்தில் ஒரு பெண்ணைக் கொன்று, அட்டையிலும் அவள் உடலையே வரைந்து விற்கும் அவசரச் சரக்கும் வேண்டா. நோயை நோயாக அறிந்து, அச்சத்தை அச்சமாகக் காட்டும் கதைகளே நாம் தேடுபவை.

அவை கிடைக்கின்றனவா? கிடைக்கின்றன. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்களைப் பிருந்தாவன் விரைவு வண்டியில் ஏறிப் பிரித்து, ஜோலார்பேட்டை வருமுன் முடித்த தலைமுறை நம்முடையது. அவற்றுள் பல இன்று மின்னூலாகவும் புதுப்பதிப்பாகவும் வருகின்றன. இவ்வூரிலிருந்தே செயற்படும் புஸ்தகா நிறுவனம் மின்னூல்களை வெளியிட்டு வருகிறது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் ஜெயமோகன் எழுதிய ‘பத்து லட்சம் காலடிகள்’ முதலிய கதைகளில் ஔசேப்பச்சன் என்பார் குற்றங்களை விரித்துரைக்கிறார். அவற்றில் வரலாறும் மானுடவியலும் துப்பாகின்றன. இலக்கியம் வேறு, மர்மக் கதை வேறு என்னும் வேலி தளர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் நம் மாத நாவல் கதைகளை 2008-இல் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, வேற்று மொழியார் வியந்து வாங்கினர். நம் வீடுகளிலோ அவை பழைய தாள்காரரின் தராசுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நம் கவலையின் மையம் இதுதான். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக்நகரிலும் வளரும் நம் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாதோர் அவர்களுள் பலர். கன்னடம் கற்கின்றனர், அது கடமை, மகிழ்ச்சியும் கூட. ஆங்கிலம் பிழைப்புக்கு. தமிழ் எழுத்துக்கு மட்டும் அவர்களிடம் காரணம் ஒன்றும் இல்லை. பாட்டி எழுதி வைத்த கடிதத்தைப் பேரன் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நாள் தொலைவில் இல்லை. சில வீடுகளில் வந்தேவிட்டது. நீதி நூலைக் காட்டி அழைத்தோம், வரவில்லை. அச்சமும் ஆவலும் அழைத்தால் வருகிறார்கள். நம் குடியிருப்பில் ஒரு பெரியவர், இரவுதோறும் சாம்புவின் கதை ஒன்றைப் பேத்திக்குப் படித்துக் காட்டி, குற்றவாளி பிடிபடுமுன் புத்தகத்தை மூடிவிடுவார். மூன்றாம் வாரத்தில் அச்சிறுமி அரிச்சுவடியைக் கேட்டாள். பரிசுக்காக அன்று, திருடன் யார் என்று அறிவதற்காக.

ஆதலின் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். 2022 திசம்பரில் தொடங்கிய பெங்களூரு தமிழ்ப் புத்தகத் திருவிழா அடுத்த முறை கூடும்பொழுது, நூல் நிலையப் பணத்தில் ஒரு பகுதியை மர்மக் கதைகளுக்கென ஒதுக்கி வாங்க வேண்டும். தேர்வுக் குழுவில் இரு தாய்மார்களும் இரு கல்லூரி மாணவர்களும் இடம்பெற வேண்டும். புலவர் ஒருவரும் இருக்கட்டும், பிழை திருத்த உதவுவார். சிறுவர்க்கு ஏற்றவை தனி வரிசையில் நிற்கட்டும். நூலை இரவல் பெறுவோர் கடைசிப் பக்கத்தில் குற்றவாளியின் பெயரைப் பென்சிலால் எழுதி வைக்கும் பழக்கத்தை மட்டும் அருள்கூர்ந்து விட்டுவிட வேண்டும். சென்ற ஆண்டு நம் நூல் நிலையத்தில் ஏழு நூல்கள் அவ்வாறு பாழாயின. எழுதியவர் யார் என்பது இன்னும் துலங்கவில்லை.