பொம்மைக்கும் பேர் வேணும்



பொம்மையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க.

போன நவராத்திரிக்குத் திருச்சிக் கடைத்தெருவில் மகளோடு கொலு செட் பார்த்தேன். கல்யாண செட், கிரிக்கெட் செட், கிராமத்து செட். கிராமத்து செட்டில் ஏர் உழுகிறவர், நாற்று நடுகிறவள், கூடைக்காரி. "இந்த அக்கா பேரு என்னப்பா?" என்றாள் மகள். அட்டையில் விலைதான் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் வங்கி நண்பர் வீட்டுக் கொலு, ஒன்பது படி. மேலே தசாவதாரம், கீழே செட்டியார் கடை, குறவன் குறத்தி. மேல உள்ளவங்களுக்குப் பேரும் கதையும் இருக்கு. கீழ உள்ளவங்களுக்குத் தொழில் மட்டும்தான். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைக்கு வேறு விளக்கம் வேணுமா?

இந்தப் புண் நமக்கு மட்டுமில்லை. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் தம்பதியர் நிறம் மட்டும் மாறிய பொம்மைகளைக் கறுப்புக் குழந்தைகளிடம் காட்டினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். பள்ளி நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பு அந்த ஆய்வையும் சுட்டியது.

1993இல் 'அமெரிக்கன் கேர்ள்' வரிசையில் ஆடி வாக்கர் என்ற பொம்மை வந்தது. 1864இல் அடிமைப் பண்ணையிலிருந்து தாயோடு தப்பிய ஒன்பது வயதுச் சிறுமி. வரிசையின் முதல் கறுப்புப் பெண் அடிமையாகத்தான் வரணுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் அவளுக்கொரு பேர் இருந்தது. கதை இருந்தது.

நாற்று நடுகிறவளை வாங்கி வந்தோம். மகள் அடியில் பென்சிலால் என் அம்மா பேரை எழுதினாள். அம்மா நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

எங்க வீட்டில் படி இல்லை. பொம்மை மகளின் புத்தகங்களோடு மேசையில் நிற்கிறது.