புல் மண்ணைக் காக்கும். செலவை யார் ஏற்பது?

(சின்னாளப்பட்டியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்க்கிற ஊர் இது. சாயத் தண்ணீர் கொட்டிய இடத்தில் செடி நிற்காது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் ஆலைக் கழிவு பாய்ந்த நிலங்களிலும் இதே கதைதான். ஆனால் பன்மடங்கு பெரிது.

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறுகளைக் கணக்கெடுத்தது. 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. இது நாம் மேடைக்காகக் கட்டிய கணக்கல்ல. 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பிலேயே எடுத்துச் சொன்ன கணக்கு.

கிணறு கெட்டால் நிலம் உள்ளவன் அதை விற்றுவிட்டாவது போவான். நடவையும் களையெடுப்பையும் நம்பிக் கஞ்சி குடித்தவன் கையில் விற்க என்ன இருக்கிறது?

மண் எப்படிக் கெடுகிறது? பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். பதனிடக் குரோமியம் சேர்க்கிறார்கள். உப்பு மண்ணை இறுக்குகிறது. பயிரின் வேர் தண்ணீர் இழுக்க முடிவதில்லை. குரோமியமோ மக்கி அழிகிற சரக்கல்ல.

நெல் வராத இந்த மண்ணிலும் வெட்டிவேர் பிழைக்கும். ஒரு முறை நட்டால் பல வருஷம் நிற்கும் புல் அது. வேர் பக்கத்தில் ஓடாமல் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் 10 அடி வரை போகும். மழைத் தண்ணீர் விஷ மண்ணை அடுத்த வயலுக்கு அடித்துப் போகாமல் தடுக்கும். இழுக்கிற குரோமியத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். சீனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சுரங்கக் கழிவு மேடுகளில் இதை நட்டிருக்கிறார்கள்.

முதலில் தொழுவுரமும் ஜிப்சமும் இட வேண்டும். பிறகு தூரைப் பிரித்து, சரிவுக்குக் குறுக்கே, அரைச் சாணுக்கு ஒன்றாக வரிசை பிடித்து நட வேண்டும். வேர் பிடிக்கும்வரை நல்ல தண்ணீர் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அங்கே வளர்ந்த புல்லை மாட்டுக்குப் போடாதீர்கள், அடுப்பில் எரிக்காதீர்கள். வாசனைக்கென்று அந்த வேரைப் பானைத் தண்ணீரில் போடவே கூடாது.

தோழர்களே, புல் மந்திரமல்ல. ஒரு பக்கம் கழிவு வந்துகொண்டிருந்தால், மறுபக்கம் எத்தனை வரிசை நட்டாலும் வீண். முதலில் கழிவை நிறுத்த வேண்டும். அப்புறம் நட வேண்டும். ஒரு போகத்தில் முடியாது. வருஷக் கணக்கில் ஆகும். அதுவரை கூலி யார் கொடுப்பது?

கெடுத்தவனே நஷ்டஈடும் கொடுத்து, மண்ணைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னது. அதைத்தான் நாமும் கேட்கிறோம். நடவு செய்பவருக்கு முழுக் கூலி, காலுக்குப் பூட்ஸ், கைக்கு உறை; வருஷந்தோறும் மண்ணையும் கிணற்றையும் சோதித்து, முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும்.

ஆலையை மூடு என்று நாம் சொல்லவில்லை. தோல் ஆலைத் தொழிலாளி நமக்கு எதிரியல்ல. அதே விஷத் தண்ணீரில் முதலில் கால் வைத்து நிற்பவன் அவன். கழிவைச் சுத்தம் செய் என்று ஆலைக்குள்ளே அவன் கேட்கட்டும். வரப்பில் நின்று நாம் கேட்போம். இரண்டு குரலும் ஒன்றானால் மண் பிழைக்கும்!